சுங் கடையின் இரண்டாவது அண்டா

பாலிக் பூலாவ் சந்தையில் எனக்கு எட்டாம் எண் கடை. தேங்காய் உடைத்து, துருவி, பால் பிழிந்து கொடுப்பது தொழில். முப்பது வருடமாக ஒருநாள் தவறாமல் வருகிற நுவான் அந்த வாரம் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் காலையில், மழையில், குடை இல்லாமல் வந்து நின்றாள்.

"எத்தன காய் உடைக்கட்டும்?" என்றேன்.

"காய் வேணாம் அண்ணே."

"பின்ன எதுக்கு இந்த மழையில?"

"உன்னத் திட்டத்தான்" என்றாள். "வீட்டுல இருக்குற ஆளத் திட்டித் திட்டி வாய் வலிக்குது. செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. நீயாச்சும் பதில் சொல்லுவ."

துருவும் எந்திரத்தை நிறுத்தினேன். கொட்டகைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ஆபீஸ் பொண்ணு உங்கிட்ட வந்து கேட்டாளா, இல்லையா? வெள்ளை லக்சாவ யாரு ஆரம்பிச்சதுன்னு?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

நான் ஈரக்கையைத் துண்டில் துடைத்தேன். துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

"தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியாது! எனக்கு முன்னாடி சுங் கடையிலேருந்து ஒரு மனுசன் உங்கிட்ட ஒத்தத் தேங்கா வாங்கியிருக்கானா? அது உனக்குத் தெரியாதா?"

தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. சுங் வீட்டாருக்கு அப்போது ஒரே ஒரு அண்டா. புளி லக்சா. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே புளித்துண்டும் கெசும் இலையும் காந்தான் பூவும் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். தடித்த அரிசி நூடுல்ஸான மீயின் மேல் அதை ஊற்றி, வெள்ளரியும் அன்னாசியும் புதினாவும் தூவி, கறுத்த இறால் விழுதை ஒரு கரண்டி வைத்தால் வேலை முடிந்தது. அதில் தேங்காய்க்கு என்ன வேலை? பெரியவர் சுங் செத்த பிறகும் அந்த வீட்டார் யாரும் என் கடைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவருடைய இளைய மகன் செங், டுரியான் பழ லாரியில் கெடாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது ஒரு சயாம் கிராமத்தில் நுவானைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் வந்த எட்டாம் நாள் என் கடையில் வந்து நின்று, அரைகுறை மலாயில், "நாலு காய், மொதப் பால் தனியா, ரெண்டாம் பால் தனியா" என்றாள். அதுதான் முதல் தேங்காய். அந்தப் பாலில் வந்ததுதான் வெள்ளை லக்சா, கடையின் இரண்டாவது அண்டா.

"உம் புருசனோட அண்ணன் லோய்தான் சந்தைச் சங்கத் தலைவரு" என்றேன். "இந்த மாசம் எனக்குக் கடை உரிமம் புதுப்பிக்கணும் நுவான்."

"அப்ப அத சொல்லு. தெரியாதுன்னு சொல்லாத. பயந்துட்டேன்னு சொல்லு."

"பயந்துட்டேன்."

"ம்" என்றாள். கோபம் தணிந்தமாதிரி தெரியவில்லை. "நீயாவது வாயத் தொறந்து சொல்ற. எம் புருசன் கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டான்."

நடந்தது இதுதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக உணவுக்கூடம் ஒன்று கட்டி, தீவின் பழைய சாப்பாட்டுக் கடைகளில் ஆறு பேருக்கு மட்டும் அதில் இடம் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கென்று ஒரு மரபுக் குழு. குழுவிலிருந்து ரொஸ்நீத்தா என்கிற பெண், கையில் ஒரு கோப்போடு கடைகடையாக ஏறி இறங்கினாள். எந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, யார் முதலில் செய்தது என்று எழுதிக்கொண்டாள். செங்கின் அண்ணன் லோய் முந்திக்கொண்டார். அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. சந்தைச் சங்கம், கோயில் கமிட்டி, டுரியான் ஏலம் என்று சட்டைப் பையில் பேனாவோடு திரிகிறவர். "ரெண்டு லக்சாவும் எங்கப்பா கையால வந்தது. புளியும் அவருதான், வெள்ளையும் அவருதான்" என்று எழுதிக் கொடுத்தார். கூடத்தில் இடம் லோய் பெயருக்கு. கடையில் நிற்கப்போவது அவர் மகனும் மருமகளும். வாசலில் மாட்டப்போகும் பித்தளைப் பலகையில் அப்பா பெயர், மூத்த மகன் பெயர், இளைய மகன் பெயர். நுவான் பெயர் எங்கேயும் இல்லை. குடும்பத்தார் ஒப்புதல் என்று போட்ட கோட்டின் மேல் செங் கையெழுத்து.

அந்தத் தாளைப் பார்த்த அன்றுதான் அவள் இரண்டாவது அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

*

மறுநாள் நானே அவர்கள் கடைக்குப் போனேன். பள்ளிவாசல் தெரு திரும்பும் இடத்தில் ஐந்து மேசை. அடுப்பில் ஒரே அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. செங் ஒரு மணையில் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயது. விரல்நுனி எல்லாம் வெந்து வெளுத்திருக்கும். சூடு ஆறுவதற்குள் எடுத்தால்தான் முள் முழுசாக வரும் என்று ஆவி பறக்கப் பறக்க எடுப்பான். ஒரு முள் தவறாது. அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

"வெள்ளை இல்லையா இன்னிக்கும்?" என்று ஒரு மேசையில் கேட்டார்கள். ஜொகூரிலிருந்து சரக்கு ஏற்றிவந்த இரண்டு லாரிக்காரர்கள்.

"இல்ல" என்றான் செங், தலை நிமிராமல்.

"அதுக்குன்னே மலையச் சுத்தி வந்தோம்லா."

"புளி சாப்பிடுங்க."

"எங்க ஊருல லக்சான்னா மீனரைச்ச கொழம்ப ஸ்பகெட்டி மேல ஊத்தி, கையால பெசஞ்சு சாப்பிடுவோம்" என்றான் ஒருவன் கூட்டாளியிடம். "இங்க புளிங்கிறான். கூச்சிங்கில போயிக் கேட்டா புளியும் போட்டு, பாலும் ஊத்தி, மேல ஆம்லெட்ட நறுக்கிப் போட்டுத் தர்றான். சிங்கப்பூர்ல மீய வெட்டிவெட்டிப் போட்டுக் கரண்டியால அள்ளச் சொல்றான். எவன்தான் ஒழுங்கா லக்சா பண்றான்?"

"எங்க அம்மா" என்றான் மற்றவன்.

"ஆமா, எல்லாவனுக்கும் அவனவன் அம்மா."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நுவான் திரும்பினாள். "அந்த அம்மா பேர எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கானாப்பா?"

லாரிக்காரர்களுக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தார்கள். செங் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் லோய் வந்தார். பின்னாலேயே அவர் மருமகள் யோக் லின், இருபத்தாறு வயது, கையில் ஆரஞ்சுப்பழப் பையோடு. சமாதானத்துக்குப் பழம்.

"நுவான், தெறப்பு விழாவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு" என்றார் லோய், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "நூத்தம்பது பேரு வர்றாங்க. அன்னிக்கு ஒருநாள் நீ வந்து அண்டா வச்சுக் குடு. அப்புறம் யோக் லின் பாத்துக்குவா."

"எதுக்கு ஆ பாக்? உங்கப்பா கையால வந்த லக்சாதானே? அவரையே கூப்புடுங்க." புருசனின் அண்ணனை அவள் 'ஆ பாக்' என்றுதான் கூப்பிடுவாள்.

"வாயப் பாரு" என்றார் லோய் என்னிடம்.

நான் கொதிக்கிற அண்டாவைப் பார்த்தேன்.

"குடும்பம்னா ஒரு பேருதான் இருக்கும் நுவான். சுங் கடை. நீயும் சுங்தானே? தனியா உனக்கு என்ன பேரு வேண்டியிருக்கு? மீன் எங்களுது. மீன் வெந்த தண்ணி எங்களுது. எங்க அண்டாவுலேருந்து பாதிய மொண்டு நீ தேங்காப்பால் ஊத்துன. அவ்வளவுதான? பால் ஊத்துனதுக்கு ஒரு பித்தளைப் பலகையா?"

நுவான் கையிலிருந்த கிண்ணத்தை வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"பால் மட்டுமா ஊத்துனேன்? பேரரத்தை யாரு இடிச்சா? எங்க ஊருலேருந்து கிராச்சாய்க் கெழங்க மண்ணோட தூக்கியாந்து உங்க கொல்லையில நட்டது யாரு? எலுமிச்சை இலை, செராய்ப் புல்லு, மொளகா, பெலாச்சான் விழுது, எது எவ்வளவுன்னு உங்கப்பாவுக்குத் தெரியுமா? எங்க ஊருல மீன்கொழம்பும் பாலும் ஊத்தித்தான் மீ திம்போம். அத உங்க மீன்தண்ணியில வச்சுப் பாத்தேன். மொத மொத அத நான் வச்ச அன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க ஆ பாக்? சொல்லுங்க. தேங்காக்கார அண்ணனும் இருக்காரு, கேக்கட்டும்."

"பழங்கதை எதுக்கு?"

"சயாம்காரி மந்திரிச்ச சாப்பாடு, இத யாராச்சும் தின்னா புத்தி கெட்டுப் போயிடும்னு சொல்லி, முழு அண்டாவையும் தூக்கிட்டுப் போயிப் பின்னாடி சாக்கடையில ஊத்துனீங்க. எனக்கு இருபத்திமூணு வயசு. இந்தச் சாக்கடை ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அப்ப அது சயாம்காரி லக்சா. இப்ப கூடத்துல எடம் குடுக்குறான்னதும் அது உங்கப்பா லக்சாவா?"

கடையில் யாரும் மெல்லவில்லை. லாரிக்காரர்கள் கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லோய் தம்பியைப் பார்த்தார். "செங், நீ சொல்லு."

செங் ஒரு மீனின் நடுமுள்ளைப் பிடித்து உருவிக்கொண்டிருந்தான். அது முறிந்தது. முறிந்த முள்ளைச் சதைக்குள் தேட ஆரம்பித்தான். தேடினான், தேடினான், தேடிக்கொண்டே இருந்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் நுவான். "முள்ளுத் தேடுறாராம்."

லோய் எழுந்தார். "நீ வராட்டி போ. யோக் லினுக்குத் தெரியும். ஆறு மாசமா உங்கூடத்தான உக்காந்து இடிச்சா?"

நுவான் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். யோக் லின் பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருடக் கடைசியிலிருந்து, "சும்மா வீட்டுல உக்காந்திருக்க போரடிக்குது சின்னம்மா" என்று தினமும் வந்து உட்கார்ந்துகொள்வாள். நுவானும் ஒளிக்காமல் எல்லாம் காட்டிக் கொடுத்தாள். பெண் பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு அந்தப் பேச்சுத்துணை பிடித்திருந்தது.

"அதுக்குத்தான் அனுப்புனீங்களா?" என்றாள் நுவான்.

லோய் மருமகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பழப்பை மேசையிலேயே கிடந்தது. சாயங்காலம் நுவான் அதை எடுத்துக்கொண்டுபோய் எதிரே மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரனிடம் கொடுத்துவிட்டாள்.

*

உள்ளுக்குள் எனக்கு ஒரு ஆசை இருந்தது. திறப்பு விழா அன்று அந்தப் பால் திரிந்துபோக வேண்டும். கருவாட்டுத் தண்ணீர் மாதிரி நாற வேண்டும். நூற்றைம்பது பேரும் முகத்தைச் சுளிக்க வேண்டும். விழாவுக்கு வேண்டிய தேங்காயை லோய் என் கடையில் வாங்கவில்லை. டவுனிலிருந்து பாக்கெட் பால் வாங்கிவந்தார். அது தெரிந்ததும் என் ஆசை இன்னும் வலுத்தது.

மேளம், சிங்க ஆட்டம், நாடா வெட்டு எல்லாம் முடிந்தது. பலகையின் சிவப்புத் துணியை யாரோ இழுத்தார்கள். கிண்ணங்கள் வந்தன. நானும் ஒன்று வாங்கி ஒரு வாய் வைத்தேன்.

நன்றாக இருந்தது.

நுவான் வைப்பதுபோல இல்லை. பாலில் ஒரு தகர வாடை இருந்தது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திருடிய பொருள் கெட்டுப்போயிருந்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும். எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். "சுங் அப்பா கைமணம்" என்று ஒருவர் கண்ணை மூடிச் சொன்னார். அவர் பிறந்ததே பெரியவர் சுங் செத்த பிறகாக இருக்கும்.

அப்போதுதான் நுவான் உள்ளே வந்தாள். கடையில் நிற்கிற அதே ரப்பர் செருப்பு, அதே பூப்போட்ட சட்டை. பத்தடி பின்னால் செங். அவள் நேராகப் போய் சுங் கடைக்கு முன்னால் இருந்த முதல் மேசையில் உட்கார்ந்தாள். அங்கே ரொஸ்நீத்தாவும் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வெள்ளை" என்றாள்.

யோக் லின் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். குழம்பு விளிம்பில் வழிந்தது. நுவான் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். இன்னொரு கரண்டி. பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"நல்லா பண்ணியிருக்கம்மா. யாரு சொல்லிக் குடுத்தா?"

லோய் மேடைப்பக்கமிருந்து வேகமாக வந்தார். "விருந்தாளிங்க இருக்காங்க நுவான்..."

"நான் சாப்பாட்டப் பத்திக் கேக்குறேன் ஆ பாக். சாப்பிட்டவங்க கேக்கறதுதான. யாரு சொல்லிக் குடுத்தா?"

யோக் லின் மாமனாரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே மிரட்டியது எனக்கே தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகம் சிவந்து, உதடு கோணி, கண் நிறைந்துவிட்டது.

"நீங்கதான் சின்னம்மா" என்றாள். அழுதுகொண்டே, ஆனால் உரக்க. "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான். இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்கு இங்க நிக்கவே பிடிக்கல."

ரொஸ்நீத்தாவின் கரண்டி நின்றது.

"சின்னப் பொண்ணு, கூட்டத்தப் பாத்துப் பதறிட்டா" என்றார் லோய் சிரிப்போடு.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கையில் கிண்ணத்தோடு முன்னால் போனேன். "பதறல. உண்மையத்தான் சொல்றா. நான் தேங்காக்காரன். நுவான் வர்றதுக்கு முன்னாடி சுங் கடைக்கு நான் ஒரு காய்கூட வித்ததில்ல. நீங்க அன்னிக்குக் கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

"உன் உரிமத்த நெனச்சுப் பேசு அண்ணே" என்றார் லோய் தணிந்த குரலில்.

"நெனச்சுத்தான் அன்னிக்கு வாய மூடுனேன். போதும்."

ரொஸ்நீத்தா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல பெண்தான். "பலகையை மாத்தணும்னா குழு மறுபடியும் கூடணும்மா" என்றாள் நுவானிடம். "குடும்பத்துலேருந்து யாராவது எழுதிக் குடுக்கணும். ஏற்கனவே கையெழுத்துப் போட்டவங்க அதத் திரும்ப எடுத்துக்கணும்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் செங்கைப் பார்த்தார்கள். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவன் பெயரும் இருந்தது.

நுவான் மீதியையும் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

*

தெருவில் நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். செங் இரண்டு எட்டு முன்னால் போய் அவளுடைய நடைக்கு வந்து சேர்ந்தான்.

"அதான் எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாளே. இனிமே விட்டுருலா."

அவள் நின்றாள்.

"யாரு சொன்னா?"

"யோக் லின்."

"வீட்டுக்கு வந்து ரெண்டு வருசம் ஆகாத பொண்ணு. மாமனாரு அடிக்கிற மாதிரிப் பாக்குறாரு, அவ சொல்றா. தேங்காக்காரரு சொல்றாரு. முப்பது வருசம் எங்கூட ஒரே அடுப்புல நின்ன நீ?"

"அண்ணன் என்னத் தூக்கி வளத்தவரு நுவான். அப்பா செத்தப்ப எனக்குப் பத்து வயசு. அவரு எதுத்தாப்புல எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது."

"எனக்கு எதுத்தாப்புல மட்டும் நல்லா வருதே. மசாலா கரிஞ்சுபோச்சு, உப்பு கூடிப்போச்சுன்னு முப்பது வருசமா வந்துக்கிட்டுத்தானே இருக்கு? அன்னிக்குச் சாக்கடையில ஊத்துனப்பவும் நீ பாத்துக்கிட்டுத்தான் நின்ன. அன்னிக்கு வயசு இருபத்தெட்டு, போகட்டும்னு விட்டேன். இப்ப என்ன வயசு உனக்கு?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

"பேசாத" என்றாள். "பழக்கமில்லாததச் செஞ்சு ஒடம்புக்கு எதுவும் வந்துடப் போவுது."

*

மூன்று நாள் கழித்து விடிந்ததும் நுவான் என் கடைக்கு வந்து, எப்போதும் வாங்குவதைவிட ஐந்து காய் கூடுதலாகக் கேட்டாள். வேறொன்றும் பேசவில்லை. பத்து மணிவாக்கில் கடையை மூடிவிட்டு அவள் கடைக்குப் போனேன். இரண்டு அண்டாவும் அடுப்பில் இருந்தன. வெள்ளை திரும்பிவிட்டது என்று எப்படியோ தெரிந்து எல்லா மேசையும் நிறைந்திருந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அடுப்புச் சூடு வேறு. நுவானின் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஓரத்தில் உட்கார்ந்து செங்கிடம், "ஒரு வெள்ளை" என்றேன்.

அவன் அடுப்புப்பக்கம் திரும்பி, "வெள்ளை ஒண்ணு!" என்று குரல் கொடுத்தான்.

நுவான் அகப்பையை அண்டாவுக்குள் விட்டபடி அப்படியே நின்றாள். ஊற்றவில்லை.

"வெள்ளை ஒண்ணுலா!" என்றான் மறுபடி.

"அப்படி ஒரு லக்சா இந்தக் கடையில இல்ல" என்றாள் திரும்பாமல். "யாரு லக்சான்னு சொல்லு."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். செங்கின் காது சிவந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். தெருவைப் பார்த்தான். தெருவின் கோடியில், காப்பிக்கடை வாசலில், லோய் வழக்கம்போல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர்.

"நுவான் லக்சா ஒண்ணு" என்றான் செங், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"கேக்கல."

"நுவான் லக்சா ஒண்ணு."

"அடுப்பு எரியுது, எண்ணெ பொரியுது. கேக்கலங்கிறேன்ல?"

எந்த எண்ணெயும் பொரியவில்லை. அண்டாதான் கொதித்துக்கொண்டிருந்தது. செங் ஒருமுறை மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, டுரியான் லாரி ஓட்டின காலத்தில் மலையடிவாரத்திலிருந்து மேலே தோட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிறவன்போலத் தெருவைப் பார்த்துக் கத்தினான்.

"நுவான் லக்சா ஒண்ணு!"

எதிர்ப் பட்டறையில் சுத்தியல் நின்றது. காப்பிக்கடை வாசலில் பேப்பர் கீழே இறங்கியது.

நுவான் ஊற்றினாள். கிண்ணத்தை அவளே எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் அப்படியே இருந்தது.

"அடுத்தது?" என்றாள் புருசனைப் பார்த்து.

"ரெண்டாம் மேசைக்கு மூணு" என்றான் அவன்.

"என்ன மூணு?"

அவன் மறுபடி தெருப்பக்கம் திரும்பினான்.